புதன்கிழமை காலை ஏழு மணி

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே நான் ஒரு மருந்துக் கடை நடத்துகிறேன். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு ஒரு நாள் டிபன் சாப்பிட வாங்கம்மா" என்று அழைத்தார். அது ரோட்டரி சங்கத்தின் வாராந்திரக் கூட்டத்துக்கான அழைப்பு என்பது எனக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. அதுவரை ரோட்டரி என்றால் எனக்குப் பேருந்து நிழற்குடையிலும் எரிவாயு தகன மேடையின் சுவரிலும் பார்த்த பற்சக்கரச் சின்னம்தான். வசதியானவர்கள் ஹோட்டலில் கூடிப் பேசிக் கலைகிற இடம் என்ற எண்ணமும் உண்டு. அந்த எண்ணம் முழுவதும் தவறில்லை என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன்.

இதற்கு முன்பும் வேறொரு சங்கத்திலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். அவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் கூடுவார்கள். ஒன்பதரைக்குக் கடையை அடைத்துக் கணக்கு முடிக்கும் என்னைப் போன்ற ஒருத்திக்கு அது ஆகாத காரியம். காலைக் கூட்டமும் பெண்களுக்கு அவ்வளவு எளிதன்று. ஏழு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டுமானால், நாலரைக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, அவர்களைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பொறுப்பை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனாலும் எட்டேகாலுக்குக் கூட்டம் முடிந்துவிடும், எட்டரைக்குக் கடையைத் திறந்துவிடலாம் என்ற கணக்கு ஒத்துவந்ததால் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய இந்த இயக்கம், 1989 வரை பெண்களை உறுப்பினராகவே சேர்த்துக்கொள்ளவில்லை. அதுவும் 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு நடந்த மாற்றம். எங்கள் சங்கத்தில் நான் சேர்ந்தபோது என்னோடு சேர்த்துப் பெண்கள் நான்கு பேர்.

முதல் நாள் கண்டது இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. ஒரு லாட்ஜின் மாடியில் நீளமான அறை; சுவரோரம் இட்லி, பொங்கல், வடை, கேசரி, பித்தளை டவராவில் காபி. ஏழு மணி அடிக்கும்போது பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். தலைவர் யாருக்காகவும் காத்திராமல் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார். உடனே எல்லோரும் எழுந்து நான்கு வழிச் சோதனையைச் சொன்னார்கள்: இது உண்மையா, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை பயக்குமா. சாம்பார் வாளியோடு நின்ற பையன்கூட, கரண்டியை வாளிக்குள்ளேயே பிடித்தபடி அசையாமல் நின்றான். கடைசி வரி முடிந்ததும் அவன் கரண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. ஹெர்பர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர், திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திர நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக 1932-இல் எழுதிக்கொண்ட நான்கு கேள்விகள் இவை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது, கடைக்காரி என்ற முறையில் எனக்கு அவற்றின் மீது ஒரு மதிப்பு வந்தது.

விருந்தினராக மூன்று முறை போன பிறகுதான் விண்ணப்பப் படிவம் தந்தார்கள். வங்கி மேலாளர் என்னை முன்மொழிந்தார். நிர்வாகக் குழு அதைப் பரிசீலித்து, பெயரை எல்லா உறுப்பினர்களுக்கும் சுற்றுக்கு விட்டு, ஒரு வாரம் ஆட்சேபணைக்காகக் காத்திருந்தது. படிவத்தில் தொழில் வகைப்பாடு என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற பழைய விதி இப்போது வெகுவாகத் தளர்ந்துவிட்டாலும், மருந்து மொத்த வியாபாரி ஒருவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்ததால், "மருந்து — சில்லறை" என்று என்னை எழுதச் சொன்னார்கள். எனக்குச் சரக்குப் போடுகிறவரே அவர்தான் என்பதால், அந்தக் கட்டத்தை நிரப்பும்போது சிரிப்பை அடக்குவது கடினமாக இருந்தது. நுழைவுக் கட்டணமும் அரையாண்டுச் சந்தாவும் என் கடைக்குச் சிறிய தொகையல்ல. சந்தாவில் ஒரு பகுதி டிபனுக்கே போய்விடுகிறது என்பது என் மாமியாருக்கு இன்றுவரை ஆறாத குறை. ரோட்டரி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் முடிவது. நான் ஜூலையில் சட்டையில் குத்தும் சின்னத்தைப் பெற்றுக்கொண்டேன்.

முதல் மூன்று மாதங்கள் எனக்குச் சலிப்பாகவே கழிந்தன என்பதை மறைப்பதற்கில்லை. பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, செயலாளரின் அறிவிப்புகள், இருபது நிமிடம் ஒரு விருந்தினரின் பேச்சு, நன்றியுரை, மணி. இடையில் சார்ஜன்ட் என்ற பொறுப்பில் இருப்பவர் உண்டியலோடு எழுந்து அபராதம் வசூலிப்பார்: தாமதமாக வந்தவருக்கு இருபது ரூபாய், கூட்டத்தில் கைப்பேசி ஒலித்தால் ஐம்பது, செய்தித்தாளில் படம் வந்தவருக்கு நூறு. அந்த நூறு ரூபாயை எல்லோரும் மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள் என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒரே ஒரு சக்கர நாற்காலியைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்ற படத்தையும், அந்த நாற்காலியைக் காட்டிலும் செலவு வைத்த பிளெக்ஸ் பலகையையும் பார்த்த அன்று, விலகிவிடலாம் என்றே நினைத்தேன். அரையாண்டுத் தேர்வும் சேர்ந்துகொள்ள, தொடர்ந்து மூன்று புதன்கிழமைகள் போகவில்லை. நான்காவது வாரத்துக்கு முந்தைய இரவு செயலாளர் அழைத்து, நான்கு கூட்டங்கள் தொடர்ந்து தவறினால் உறுப்பினர் தகுதியே கேள்விக்குள்ளாகும் என்று பணிவாக நினைவூட்டினார். மாதம் இரண்டு முறை கூடினால் போதும் என்று 2016-லேயே விதியைத் தளர்த்திவிட்டார்களே என்று நான் கேட்டதற்கு, "நம்ம சங்கம் இன்னும் வாராவாரம்தான் மேடம்" என்றார். வெளியூர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டாலும் வருகையாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள் என்பதால், சரக்கு எடுக்க மதுரைக்குப் போன நாளில் அங்குள்ள ஒரு சங்கத்தின் கூட்டத்தில் அமர்ந்துவிட்டு வந்தேன்.

வாராவாரம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது, நாங்கள் நடத்திய ஒரு கண் சிகிச்சை முகாம் படுதோல்வி அடைந்தபோதுதான்.

இம்முகாம்களின் ஏற்பாடு எளிமையானது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென் மாவட்டங்களில் பழக்கப்படுத்திய முறை இது: இடம், விளம்பரம், சாப்பாடு ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு, மருத்துவர்களையும் கருவிகளையும் மருத்துவமனை கொண்டுவரும், கண்புரை அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றே பேருந்தில் அழைத்துச் சென்று, இலவசமாக அறுவை செய்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடும். எங்கள் பங்கை நாங்கள் குறைவில்லாமல் செய்ததாகவே எண்ணியிருந்தோம். பள்ளியில் அனுமதி வாங்கினோம், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு நாள் சுற்றினோம், ரேஷன் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினோம், இருநூறு பேருக்குத் தயிர் சாதம் கிளறினோம். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அன்று தை மாதத்துப் பெரிய முகூர்த்தம். சுற்றியிருந்த பத்துக் கிராமங்களும் ஏதாவதொரு கல்யாண வீட்டில் இருந்தன. வந்த சிலரிலும் ஐந்தாறு பேருக்குச் சர்க்கரை அளவு மிக அதிகமாக இருந்ததால் அறுவைக்கு அழைத்துச் செல்ல முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை, வழக்கத்துக்கு மாறாக, பேச்சாளர் யாருமில்லை. பொங்கல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். கல்யாண மண்டபம் வைத்திருக்கும் உறுப்பினர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நாளுக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே தம் மண்டபத்தில் முன்பதிவு ஆகியிருந்ததாம். தேதி குறித்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அரிசி ஆலைக்காரர், நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் கிழவிகள்கூட வேலைக்குப் போய்விடுவார்கள் என்றார். பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவர் அதுவரை கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "ஆட்டோ மைக்கை யாருங்க கேக்கிறா? காலையில அஞ்சரைக்குப் பால் ஊத்த வர்றவங்க கிட்ட சொன்னா ஊருக்கே போயிடும்" என்றார். என் முறை வந்தபோது, என் கடையில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்களில் கண் மங்கியவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும், அவர்களிடம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சீட்டையும் கையோடு எடுத்து வரும்படி முகாமுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சொல்லி அனுப்பலாம் என்றேன். இதை முதல் முகாமுக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் வராமல் இருந்த மூன்று புதன்கிழமைகளில்தான் அதன் ஏற்பாடுகளைப் பேசி முடித்திருந்தார்கள்.

அதன் பிறகு நான் பெரும்பாலும் தவறவில்லை. மார்ச் மாதத்தில் போலியோ சொட்டு மருந்து முகாமில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மருந்தைக் கொண்டுவருவதும் கணக்கு வைப்பதும் சுகாதாரத் துறையின் வேலை. சாமியானாவும் சாப்பாடும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் எங்களுடையவை. சொட்டு விட்ட குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைப்பது எனக்குக் கிடைத்த வேலை. மருந்துக்கடைக்காரிக்கு மருந்துக் குப்பியின் மேல் கண் போகாமல் இருக்குமா? அதன் மேலுள்ள வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும். சூடு பட்டால் அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வந்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிடும், எட்டிவிட்டால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு குப்பியை எடுக்கும்போதும் செவிலியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே திறந்தார். 1985-இல் ரோட்டரி உலக அளவில் கையில் எடுத்த வேலை இது. இந்தியாவில் கடைசியாகப் போலியோ பதிவானது 2011 ஜனவரியில், ஹௌரா மாவட்டத்தில்.

இரண்டாவது கண் முகாமை, முகூர்த்தமும் நடவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தோம். எட்டு மணிக்கே வரிசை பள்ளி வாசலைத் தாண்டியது. பதிவு மேசையில் எழுத உட்கார்ந்த எனக்கு, வயது என்ற கட்டம்தான் பெரும்பாடு. "எம்ஜியார் செத்தப்ப என் மூத்தவ சமைஞ்சா, நீயே கணக்குப் போட்டுக்கோ தாயி" என்றார் ஒரு பாட்டி. எழுத்துத் தெரியாதவர்களுக்கான பார்வைப் பலகையில் ஒரே எழுத்தை நான்கு திசையிலும் திருப்பித் திருப்பி எழுதியிருப்பார்கள். அதன் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் விரலைக் காட்ட வேண்டும். அந்தப் பாட்டி எதையும் காட்டாமல், பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டு கண்களிலும் முற்றிய புரை.

தேர்வான அறுபத்து மூன்று பேரும் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, பாட்டி படிக்கட்டில் கால் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். வீட்டில் ஒரு சினை ஆடு இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, பிறகு வருகிறேன் என்றார். மருத்துவமனை ஊழியர்கள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது சாப்பாட்டுப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பால் சங்கச் செயலாளர் வாளியை வைத்துவிட்டு வந்து, எந்தத் தெரு, எந்த வீடு என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். "உங்க தெரு முனையில பால் ஊத்துற வீட்டுக்காரம்மா பார்த்துக்குவாங்க. நான் பொறுப்பு, ஏறுங்க ஆத்தா" என்றார். பாட்டி அவர் குரலை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறிவிட்டார்.

அறுவை முடிந்து அவர்கள் திரும்பியது புதன்கிழமை மாலை. ஒரு மாதம் கழித்து நடந்த மறுபரிசோதனைக்குப் பாட்டி தனியாகவே நடந்து வந்தார். ஒரு கண் தெளிந்திருந்தது. மற்றொன்றுக்கு அடுத்த முகாமில் வருவதாக ஒப்புக்கொண்டார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கு நாலு நாளும் ஒழுங்காகத் தழை போடவில்லை, விலா எலும்பு தெரிகிறது, இப்போதுதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்று புகார் சொன்னார். அடுத்த புதன்கிழமை மகிழ்ச்சிச் செய்திகளுக்கான நேரத்தில் எழுந்து இதைக் கூட்டத்தில் சொன்னேன். சார்ஜன்ட் உண்டியலோடு நேராகப் பால் சங்கச் செயலாளரிடம் போய் ஐம்பது ரூபாய் அபராதம் வசூலித்துவிட்டு, புகாரை ஊரறியச் சொன்னதற்காக என்னிடமும் ஐம்பது வாங்கிக்கொண்டார்.