"ஒரு வருஷம் கம்பெனிக்குப் போகட்டும்": பிளஸ் டூவுக்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவு

2024-ஆம் ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வில் திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காடு தேர்ச்சி பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. இம்மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு அது பெருமிதமான நாள். ஆயினும் அதன்பிறகு வந்த வாரங்களில் என் மனத்தை அரித்தது வேறொரு கேள்வி: தேர்ச்சி பெற்ற இந்தப் பிள்ளைகளில் யார் யார் ஜூலை மாதம் கல்லூரி வகுப்பறையில் இருப்பார்கள்?

கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடும் மாணவர்களின் வீடுகளில் யாரும் உட்கார்ந்து பேசி "படிப்பு வேண்டாம்" என்று முடிவெடுப்பதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மார்ச் கடைசியில் தேர்வு முடிந்ததும், விடுமுறைதானே என்று பையன் பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்கிறான். டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்த பீஸை அடுக்கி, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்புகிறான். சனிக்கிழமை கையில் சம்பளம் வருகிறது. அந்தப் பணம் வீட்டு வாடகைக்கும் குழுக் கடன் தவணைக்கும் பயன்படத் தொடங்கிவிடுகிறது. மே மாதம் தேர்வு முடிவு வரும்போது அவன் ஏற்கெனவே சம்பாதிக்கும் பிள்ளையாகிவிடுகிறான். விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஒரு வேலைநாளில் அவனுக்குத் தெரியாமலே கடந்துபோகிறது.

"ஒரு வருஷம் கம்பெனிக்குப் போகட்டுங்க சார், கடன் அடைஞ்சதும் காலேஜ்ல சேத்தி விட்டர்லாம்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்திருந்த அவருடைய விரல் நுனிகளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மகனின் படிப்பின்மேல் அவருக்கு அக்கறையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வருஷம் என்பதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். அப்படி நின்றவர்களில் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. கடன் அடைவதற்குள் அடுத்த கடன் வந்துவிடுகிறது. உடன் படித்தவர்கள் முன்னே போய்விட, இளையவர்களோடு உட்காரும் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

பெற்றோரின் தயக்கத்துக்குப் பெரும்பாலும் பணம்தான் காரணம் என்பதால் கணக்கை அவர்கள் முன்னால் எழுதிக் காட்டுவது என் வழக்கம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம் முதலிய பிற கட்டணங்கள் மட்டுமே உண்டு. திருப்பூரிலேயே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கென எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரியும் இருப்பதால் விடுதிச் செலவும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கம்பெனிச் சம்பளத்துக்கு இது ஈடாகாது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பேருந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வீட்டில் கையேந்த வேண்டியதில்லை என்பதே ஒரு பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. அதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரிகளின் ஆட்கள் வீடு தேடி வந்து, "இப்போதே முன்பணம் கட்டினால் சீட் உறுதி" என்று சொல்லி, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகுதான், அந்த வழியில் சேர்ந்ததால் எதையெல்லாம் இழந்தோம் என்பது குடும்பத்துக்குத் தெரியவருகிறது. 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாக இடம் பெறுபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் சேர்பவர்களுக்குத்தான். ஒரு மாதம் பொறுத்திருந்தால் செலவின்றிக் கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு லட்சக்கணக்கில் கடன்பட்ட குடும்பத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றமாட்டாமல் போகிறது.

கல்லூரிப் பட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்படும் என்று நான் சொல்லமாட்டேன். கையால் செய்யும் வேலையில் இயல்பான நாட்டமுள்ள பையனை, பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்ததென்பதற்காக பி.காம். வகுப்பில் உட்கார வைப்பதில் பயனில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக்குக் கட்டணமில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. உரிய பாடப்பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவையும் படிப்புதான், கையில் சான்றிதழோடு வேலைக்குப் போவதற்கும் வெறுங்கையோடு போவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர் நன்றாக அறியும். கைமடியாகச் சேர்ந்தவர் டெய்லராகலாம், திறமையிருந்தால் சூப்பர்வைசரும் ஆகலாம். ஆனால் வெளிநாட்டு ஆர்டரைக் கையாளும் மெர்ச்சண்டைசர் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது அதே கம்பெனி பட்டம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. அரசு வேலையிலும் அப்படியே: குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும்.

உண்மையிலேயே வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீடுகளும் இருக்கின்றன. தந்தை படுக்கையில் விழுந்த வீட்டில் மூத்த பிள்ளையிடம் கல்லூரியைப் பற்றி மட்டும் பேசுவது இரக்கமற்ற செயல். அத்தகைய பிள்ளைகளுக்கு, அரசுக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் இரண்டு சுழற்சிகளாக நடப்பதை எடுத்துச் சொல்கிறேன். மீதி நேரத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் முடித்தவர்களை எனக்குத் தெரியும். அதுவும் இயலாதென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிந்து களைத்து வந்து, ஆசிரியரும் நண்பர்களும் இல்லாமல் தனியாகப் படிப்பதற்கு மிகுந்த மனவுறுதி வேண்டும் என்பதால் அதை நான் முதல் வழியாகச் சொல்வதில்லை.

ஆகவே இந்த ஆண்டு தேர்வு எழுதும் என் மாணவர்களிடம், முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரல் மாதத்திலேயே இ-சேவை மையத்துக்குச் சென்று சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துவிடச் சொல்லியிருக்கிறேன். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் பூர்விக ஊரின் ஆவணங்களைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம் ஆகிவிடும். கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள், கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாளுக்காக ஒரு நாள் விடுப்பை இப்போதே கேட்டு வைக்கட்டும். ஒரு பாடத்தில் தவறினாலும் அஞ்ச வேண்டாம்; துணைத்தேர்வில் தேறினால் அதே ஆண்டில் சேர முடியும். பெற்றோருக்கு ஷிப்ட் முடியும் நேரம் எனக்குத் தெரியும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் அவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம்.