ஆங்கில வகுப்பில் ஆசிரியரின் பேச்சும் பொறுப்பும்

சேலத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் நான். எங்கள் வேலை எப்படி மாறிவந்திருக்கிறது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில் ‘ஆசிரியர் இனி வழிகாட்டி மட்டுமே’ என்று சொல்லக் கேட்கிறோம். அந்த ‘மட்டுமே’யில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில வகுப்பில் ஆசிரியரின் பேச்சு குறைந்திருக்கிறது, இன்னும் குறைய வேண்டும். ஆனால் அவருடைய பொறுப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

நெடுங்காலம் ஆங்கில ஆசிரியர் என்பவர் பாடத்தை வரிவரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்பவராகவே இருந்தார். கேள்வி-பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். ஊருக்குள் ஆங்கிலம் காதில் விழ வேறு வழியில்லாத காலத்தில் அவர் குரல் ஒன்றே பிள்ளைகள் கேட்ட ஆங்கிலம் என்பதால், அந்த முறைக்கு அன்றைக்கு ஒரு நியாயமும் இருந்தது. 1950களின் இறுதியில், வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை அன்றைய சென்னை மாநிலத்தில் பரவியது. பயிற்சி பெற்ற ஒரு குழு அடுத்த குழுவுக்கும், அது அதற்கடுத்ததற்கும் பயிற்சி தரும் ஏற்பாடு என்பதால் உருள உருளப் பெருகும் பனிப்பந்தைப் போல அந்த இயக்கத்துக்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர். ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்பார். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். பொருள் சொல்பவர் பயிற்சி கொடுப்பவராக மாறினார். ஆனாலும் பிள்ளைகள் என்ன சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்தவர் அவரேதான்.

அந்த இடத்தில் கைவைத்தவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர் 1979 முதல் 1984 வரை நடத்திய ஆய்வுத் திட்டத்தை ‘பெங்களூர்த் திட்டம்’ என்று மொழிக் கல்வி உலகம் அறியும். சென்னையிலும் அது நடந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வது அவர் வழி. முதலில் அதே மாதிரியான ஒன்றை ஆசிரியர் கேள்விமேல் கேள்வி கேட்டு வகுப்போடு சேர்ந்து தீர்ப்பார்; பிறகு மாணவர் தனியாகத் தீர்ப்பார். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் துணிபு. மாணவர்கள் தங்களுக்குள்ளேயே பேசினால் பிழையான ஆங்கிலம் உறைந்துவிடும் என்று கருதியதால், குழு வேலையை அவர் ஊக்குவிக்கவில்லை. ஆசிரியரை ஓரத்துக்குத் தள்ளிய முறை அல்ல அது. நல்ல கேள்வி கேட்பதை அவருடைய முதல் வேலையாக்கிய முறை.

எங்கள் வகுப்பில் ரயிலுக்குப் பதிலாகச் சேலம்-ஏற்காடு பேருந்து. நானே எழுதிய ஓர் அட்டவணையைப் பலகையில் ஒட்டி, ‘ஏற்காட்டில் பதினொரு மணிக்கு மாமாவைப் பார்க்க வேண்டும், மலை ஏற ஒரு மணி நேரம் ஆகும், அஸ்தம்பட்டியில் எந்த வண்டியில் ஏறுவாய்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு பெண் ‘நைன் தர்ட்டி பஸ், சார்’ என்றாள். ‘வை நாட் டென் தர்ட்டி?’ என்றதும் சற்று யோசித்து, ‘டென் தர்ட்டி கோ, லேட் கம், மாமா கோ’ என்றாள். சரியான சிந்தனை, வாக்கியம்தான் முறிந்திருந்தது. அங்கே நிறுத்தி இலக்கணம் சொன்னால் அவள் மறுபடி வாய் திறக்க ஒரு மாதமாகும். ‘எஸ், யூ வில் பி லேட், அண்ட் மாமா வில் பி கான்’ என்று அவள் கருத்தையே நல்ல வாக்கியத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். எதை உடனே திருத்துவது, எதை அடுத்த வாரத்துக்கு வைப்பது, எதை அப்படியே விடுவது என்று அந்த ஓரிரு நொடியில் தீர்மானிப்பதுதான் இன்றைய ஆசிரியரின் தேர்ச்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேலத்தின் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிப் பிள்ளைகள் பலருடைய வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது. கம்பி இழுப்பதிலிருந்து பற்றவைப்பது, மெருகேற்றுவது வரை அவர்கள் கண்ணெதிரே நடப்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், எனக்குத் தெரியாததை எனக்கு விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு உண்மையாகவே ஏற்படுகிறது. சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டுவார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது மறப்பதில்லை.

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலும் சில காலம் பணியாற்றியிருக்கிறேன். அங்கே மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்குமே இடைவெளி உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வருகையும் குறையும். அத்தகைய வகுப்பில் ‘ஆங்கிலத்தில் மட்டுமே பேசு’ என்பது பிள்ளையை வாயடைக்கச் செய்யும் கட்டளை. வீட்டுப் பேச்சிலேயே கருத்தைச் சொல்லவிட்டு, அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக உடன் நிற்பவரே அங்கே ஆசிரியர்.

தொடக்கப் பள்ளிகளில் மாற்றம் இன்னும் வெளிப்படையானது. 2007-08இல், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில், அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பார்க்கச் சொல்கிறது. நோக்கம் நல்லது, மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் வேலைதான் ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது.

கைபேசி வந்தபின் உச்சரிப்புக்கு என் குரலை நம்பியிருக்க வேண்டியதில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடே இருக்கிறது. கட்டுரை எழுதித் தரச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. இதனால் வீட்டுப்பாடக் கட்டுரையை நான் நம்புவதில்லை. வகுப்பிலேயே ஐந்து வரி எழுதவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதை ஏன் இப்படி எழுதினாய்?’ என்று கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நேற்று என்ன வராமலிருந்தது, இன்று எது வந்தது என்று அருகிலிருந்து பார்த்தவர் அறிவதைப் போலச் செயலி அறியாது.

நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள் இருந்தால், நான் வாயே திறக்காவிட்டாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் பிரபு தயங்கிய குழு வேலையை நான் தவிர்க்க முடிவதில்லை. குழுக்கள் பேசும்போது அன்றைக்குச் சிலரை மட்டும் தேர்ந்து, அருகே நின்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் நடுவே மாறாதது தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஆங்கிலம் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. பேச்சுக்கு ஒன்றுகூட இல்லை. இதனால் ஜனவரி பிறந்ததும் வகுப்பு பழைய நிலைக்கே திரும்பி, ஆசிரியர் மீண்டும் கேள்வி-பதில் எழுதிப்போடுபவர் ஆகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வென்று 25 மதிப்பெண் இருக்கிறது. ஆய்வகத்தில் செய்துகாட்டாத அறிவியல் முழுமையாகாது என்று ஏற்றுக்கொண்ட நாம், பேசிக்காட்டாத ஆங்கிலத்தை மட்டும் எப்படி முழுமையென்று ஏற்கிறோம்? பேச்சுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கினாலும் போதும், ஜூன் மாதத்திலிருந்தே வகுப்பு நடக்கும் விதம் வேறாகிவிடும். அரசு அதைச் செய்யும்வரை, ஒன்பதாம் வகுப்புக்குக் காலாண்டுத் தேர்வையொட்டி ஆளுக்கு இரண்டு நிமிட வாய்மொழித் தேர்வு நடத்த எங்கள் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.