கத்தியால் சமைக்கும் அரண்மனைச் சாப்பாடு

கொரியாவில் சைவமாக இருப்பவர்களுக்கு மாட்டிறைச்சியைக் கண்டு பயமில்லை. அது கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். பயமெல்லாம் நெத்திலிதான். சூப்பின் நீரில் இருக்கும், கீரைப் பிரட்டலில் இருக்கும், பார்க்க அப்பாவியாக இருக்கும் முள்ளங்கித் துண்டில் இருக்கும். கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்க்குள் உப்பில் ஊறிய இறால் வேறு. கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நெத்திலியை யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். சுவோனுக்கு வந்த பிறகு நானும் வீட்டுக்காரரும் முட்டை வரைக்கும் இறங்கி வந்துவிட்டோம், அதற்கு மேல் இறங்க மனம் வரவில்லை. அதனால் ரொம்ப நாள் வரை எங்கள் வீட்டில் சோறு, ரசம், பொரியல்தான். வெளியே கொரியா, உள்ளே பாளையங்கோட்டை.

இதை உடைத்தவன் பையன். மழலையர் பள்ளியில் மதியச் சாப்பாடு அங்கேயே. ஒருநாள் வந்து "குங்ஜுங் தொக்பொக்கி வேணும்" என்றான். தொக்பொக்கி என்றால் தெருவில் விற்கும் சிவப்பான, காரமான, குழல் போன்ற அரிசிக் கொழுக்கட்டைதானே, இதைச் சின்னப் பிள்ளைகளுக்கா கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். அது வேறு, இது வேறு. கொச்சுஜாங் என்கிற மிளகாய் விழுதில் புரட்டும் சிவப்புத் தொக்பொக்கி, கொரியப் போருக்குப் பிறகு சியோலின் சின்டங்-டொங் பக்கம் பிரபலமானது. குங்ஜுங் என்றால் அரண்மனை. அங்கே செய்தது சோயா சாறு, வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய், காளான், கேரட், கொஞ்சம் இறைச்சி போட்டு வதக்குவது. காரம் கிடையாது. அதனால்தான் இன்றைக்குப் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. இறைச்சியை எடுத்துவிட்டால் எங்கள் தட்டுக்கும் வரும்.

சரி, அரண்மனைச் சாப்பாட்டில் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று தேடிப் போனதில் எங்கள் பகுதி மக்கள் மையத்தில் நடக்கும் சமையல் வகுப்பு கண்ணில் பட்டது. சேர்ந்துவிட்டேன். கொரிய மொழி அரைகுறை, ஆனால் வெங்காயம் வெட்ட மொழி எதற்கு? ஆசிரியை அறுபது தாண்டியவர். 'சொன்சேங்நிம்' என்று கூப்பிட வேண்டும். முதல் வகுப்பில் அவர் சமைக்கவே இல்லை, கதை சொன்னார். 1910-இல் கொரியாவை ஆண்ட ஜோசொன் அரச வம்சத்தின் ஆட்சி ஜப்பான் கைக்குப் போனது. அரண்மனைச் சமையல் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். சிறுமியாக அரண்மனைக்குள் போய், கோஜோங், சுன்ஜோங் என்று கடைசி இரண்டு அரசர்களுக்கும் சமைத்த ஹான் ஹுய்-சுன் என்ற பணிப்பெண் மிஞ்சினார். ஹ்வாங் ஹ்யே-சோங் என்ற மனையியல் பேராசிரியை அவரிடம் வருஷக்கணக்கில் போய்ப் போய்க் கற்று, கைப்பக்குவத்தையெல்லாம் அளவுகளாக எழுதி வைத்தார். 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இந்தச் சமையலை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்து எண் 38 என்று அறிவித்தது. ஒரு பாட்டியின் கையில் தொங்கிக்கொண்டிருந்த சமையல் அப்படித்தான் தப்பியது. "கொஞ்சம் போடு, பார்த்துப் போடு" என்று மட்டுமே சொல்லும் என் ஆச்சியின் பக்கத்தில் இப்படி ஒரு பேராசிரியை உட்காராமல் போனது எங்கள் குடும்பத்துக்கு நஷ்டம்தான்.

அரண்மனைச் சாப்பாடு என்றால் பணம் கொட்டும் சமாச்சாரம் என்று நினைப்பு வரும். ராஜாவுக்கு மட்டும் பன்னிரண்டு பதார்த்தம், பெரிய மனிதர்களுக்கு ஏழு, ஒன்பது என்பார்கள். சோறு, சூப், கிம்ச்சி, தொட்டுக்கொள்ளும் சாறுகள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் எங்கள் ஊரிலேயே இதற்கு மாற்றுச் சாட்சி இருக்கிறது. ஜோங்ஜோ மன்னர் 1795-இல் தன் தாயின் அறுபதாம் ஆண்டைக் கொண்டாட எட்டு நாள் பயணமாகச் சுவோனுக்கு வந்தார். விருந்து நடந்தது கோட்டைக்குள் இருக்கும் ஹ்வாசோங் ஹேங்குங் அரண்மனையின் போங்சுதாங் மண்டபத்தில். இன்றைக்குப் போனாலும் அந்த விருந்தை அங்கே காட்சியாகப் பார்க்கலாம். அந்தப் பயணத்தில் யார் முன்னால் எந்தக் கிண்ணத்தில் என்ன வைத்தார்கள் என்பதெல்லாம் 'உய்க்வே' என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. அம்மாவுக்குத்தான் அதிகக் கிண்ணங்கள். ராஜா ஏழோடு நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு என்பது கடைசி அரசர்கள் காலத்து வழக்கம் என்று ஆசிரியை சொல்கிறார். எனக்கு ஜோங்ஜோவின் ஏழுதான் நம்பும்படியாக இருக்கிறது.

இதில் பணத்தைவிட அதிகம் செலவாவது நேரம். அதுவும் அடுப்பில் இல்லை, பலகையில். குஜோல்பான் என்று ஒன்று. எட்டு மூலைப் பெட்டியில் ஒன்பது அறை. நடு அறையில் மெல்லிய மைதாத் தோசை, சுற்றிலும் எட்டு வகை நறுக்கல். வெள்ளரிக்காயை ஐந்து சென்டிமீட்டர் துண்டாக்கி, தோலிலிருந்து உள்நோக்கிச் சுருள் பிரிப்பது போலச் சுற்றிச் சுற்றிச் சீவ வேண்டும். விதைப்பகுதி வந்ததும் நிறுத்தி, சீவிய தாளை அடுக்கித் தீக்குச்சியைவிட மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிழிந்து, சட்டென்று வதக்கிப் பச்சை நிறம் மாறுமுன் இறக்க வேண்டும். முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துத் தனித்தனியாகத் தோசை ஊற்றுகிறோம். பழுப்புப் புள்ளி ஒன்று விழுந்தாலும் ஆசிரியை அதைத் தன் வாயில் போட்டுக்கொள்வார், தட்டுக்குப் போகாது. பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்தும் இருந்தாக வேண்டும். இறைச்சிக்கு ஒதுக்கிய அறையில் நான் சோயா சாற்றில் வதக்கிய காளானை வைக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நமக்குக் கஷ்டம் இந்த நறுக்கலில் இல்லை. அவியலுக்கு நறுக்கிய கைதானே. வெறும் உப்பும் எள்ளெண்ணெயும் போட்டு, அதோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். கடுகு, பெருங்காயம் எதற்கும் வேலை இல்லை. முதலில் எல்லாம் சப்பென்று இருந்தது. போகப் போக வெள்ளரிக்காய் வெள்ளரிக்காயாகத் தெரிய ஆரம்பித்தது.

இன்னொரு விஷயம். தினசரிச் சாப்பாட்டை அரண்மனைப் பெண்கள் சமைத்தாலும், பெரிய விருந்துகளைச் சமைத்தது 'சுக்சு' என்ற ஆண்கள். பரம்பரையாகச் செய்தார்களாம். இதை வீட்டுக்காரரிடம் சொன்னதிலிருந்து கேரட் நறுக்குவது அவர் வேலை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தங்ப்யோங்சே. பாசிப்பயறிலிருந்து எடுத்த வெள்ளை மாவுச்சத்து இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒரு கப் மாவுக்கு ஆறு கப் தண்ணீர். கைவிடாமல் கிண்டினால் பால் நிறம் மாறிக் கண்ணாடியாகும். உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, விரல் நீளத்துக்கு வெட்டி, மினாரிக் கீரை, பயறு முளை, முட்டைக் கீற்று, பொரித்த கடற்பாசித் தாள் எல்லாம் போட்டுப் பிசற வேண்டும். சோயா சாறு அதிகமானால் வெள்ளை அழுக்காகிவிடும், அதனால் உப்புதான். யோங்ஜோ மன்னர் கட்சிச் சண்டையை அடக்க எடுத்த சமநிலைக் கொள்கைக்குத் தங்ப்யோங் என்று பெயர். திசைகளின் பெயர் கொண்ட நான்கு கட்சிகளுக்கு நான்கு நிறம் என்று விருந்தில் இதை வைத்ததாகக் கதை. கதை அழகுதான், ஆனால் அவர் காலத்தில் முக்கியமாக முட்டிக்கொண்டவை நோரோன், சோரோன் என்ற இரண்டு கட்சிகள். நிறத்துக்கு ஏற்றபடி பிற்பாடு யாரோ ஒட்ட வைத்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

போன குளிர்காலத்தில் மாமியார் வந்திருந்தார். அவருக்கு முட்டையும் ஆகாது. காலையில் தாராக்ஜுக் வைத்துக் கொடுத்தேன். ஊறவைத்த அரிசியை அரைத்துக் காய்ச்சி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் கஞ்சி. ஜோசொன் காலத்தில் பால் அபூர்வம். அதனால் இந்தக் கஞ்சியைச் சமையல்கட்டில் வைக்காமல் அரண்மனை வைத்தியசாலையில்தான் காய்ச்சினார்களாம், குளிர்மாதங்களில் ராஜாவுக்கு மருந்து மாதிரி. "ராஜாவுக்கு உடம்பு சரியில்லைன்னா குடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மாமியார் சர்க்கரை டப்பாவை இழுத்தார். தடுக்கவில்லை.

சின்சொல்லோ என்று நடுவில் கரிக்குழாய் வைத்த பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்கும் ஒன்றும் உண்டு. அடுக்குமாடி வீட்டில் கரி மூட்ட முடியாது, பாத்திரமும் விலை. சாதாரணச் சட்டியில் கெல்ப் பாசி, காய்ந்த காளான் போட்ட நீரில் வைத்துக்கொள்கிறேன். பைன் மரக் கொட்டையை, எண்ணெய் உறிஞ்சக் காகிதத்தின் மேல் வைத்துப் பொடியாக நறுக்கித் தூவினால் போதும், ராஜா சாப்பாட்டுக் களை வந்துவிடும். அந்தக் கொட்டைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

மாமியார் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு முட்டை இல்லாமல் ஒரு குஜோல்பான் வைத்தேன். மஞ்சளுக்குப் பூசணி, வெள்ளைக்குப் பயறு முளை. தோசையை விரித்து, எட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சுருட்டிச் சாப்பிட்டார். ரெண்டாவதும் சாப்பிட்டார். அப்புறம் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. தொட்டுக்கிட ஊறுகா இல்லையாட்டி?" எலுமிச்சை ஊறுகாயை எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் ஆசிரியையிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வயதான காலத்தில் யோங்ஜோவுக்கு நாக்கு செத்துப்போய், கொச்சுஜாங் இருந்தால்தான் சோறு இறங்குமாம். அரசுச் செயலகத்தின் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"ஊறுகாய் மிச்சம் இருக்கிறதா? அடுத்த தடவை கொண்டு வா" என்றார்.