இரவு ஷிப்டுக்கு ஒரு டப்பா டூனா பாஸ்தா

சிங்கப்பூரில் ஒரு குடியிருப்புக்குக் காவல் இருப்பது என் வேலை. கார்ட் ஹவுஸில் இரவு ஒன்றரை மணி என்பது ஒரு தனி நேரம். கடைசி டாக்சி வந்து போயிருக்கும். பேப்பர் போடுகிறவர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். ஒரு சுற்று நடந்து, படிக்கட்டுக் கதவுகளைத் தள்ளிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டு உட்காரும்போதுதான் பசி தெரியும். மதியப் பசி மாதிரி இல்லை அது. சூடாக, உப்பாக, எண்ணெயாக எதையாவது கொடு என்று கேட்கும்.

எட்டு வருடமாக நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வரும் வழியில் காப்பிக்கடையில் தாபாவ் (பார்சல்) பண்ணிய நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, இல்லை என்றால் மீ கோரெங் என்ற வறுத்த நூடல்ஸ், அதுவும் இல்லை என்றால் கப் நூடல்ஸ். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம். சாப்பிட்ட அரை மணியில் கண் சொருகும், மூன்று மணிக்கு இனிப்புக் காப்பி, அதோடு இரண்டு பிஸ்கட். போன வருடம் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 சதவீதம். நீரிழிவு இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் அப்பாவுக்கு அது வாசலைத் தாண்டி வந்து கால் விரல் வரைக்கும் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த எண்ணை அலட்சியமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

டூனா பாஸ்தா சாலட் எனக்குப் பகல் ஷிப்டு பார்க்கும் மலாய்க்கார அண்ணன் மூலம் வந்தது. பேத்தியின் பிறந்தநாளுக்குச் செய்தது என்று ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். மக்ரோனி, டின் டூனா, மயோனைஸ், சோளம். குளிர்ச்சியாகவே சாப்பிட்டேன். சூடு பண்ண வேண்டியதில்லை, கையில் எண்ணெய் ஒட்டவில்லை, கேட்டில் கார் வந்தால் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய் வந்து திரும்பத் தொடரலாம். ஆறிப்போன மீ கோரெங்கிடம் இந்த வசதி கிடையாது. ஷிப்டு வேலைக்காரர்களுக்கு ஏற்ற சாப்பாடு இதுதான் என்று அன்றைக்கே பட்டது. மயோனைஸை மட்டும் மாற்ற வேண்டும் என்றும் பட்டது.

பாஸ்தா என்றால் வெள்ளைக்காரர் சாப்பாடு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மக்ரோனி சூப் குடிக்காமல் இந்த ஊரில் வளர்ந்தவர்கள் குறைவு. காய்ச்சல் வந்தால் கஞ்சி, கஞ்சி வேண்டாம் என்று அடம்பிடித்தால் மக்ரோனி சூப், இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். டின் மீனும் அப்படித்தான். சேவல் படம் போட்ட அயாம் பிராண்ட் டின் எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும். அல்ஃபிரட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892இல் இதே சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் எங்களுக்கு டின் மீன் என்றால் தக்காளிச் சாற்றில் கிடக்கும் சார்டின்தான். அம்மா அதை வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டுவார், மறுநாள் மீந்தது கறிப்பஃபுக்குள் போகும். டூனா டின் பிற்பாடுதான் வீட்டுக்குள் வந்தது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. டூனா டின்னை முதல் தடவை வாங்கி வந்தபோது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது சூரைதானே? இதுக்கா இவ்வளவு காசு கொடுத்தீங்க? எங்க ஊர்ல இதை மாசி போட்டு வெச்சிருப்பாங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். டின்னில் பெரும்பாலும் அடைபடுவது வரிச்சூரை என்கிற சின்ன ரகம். அதையே அவித்து, புகை காட்டி, கட்டை போல இறுகும் வரை வெயிலில் காய வைத்தால் மாசிக் கருவாடு. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த டின் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

சின்ன ரகம் என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேரும், சின்னதில் குறைவு. வெள்ளைச் சதையுள்ள அல்பகோர் டூனாவை விட வரிச்சூரையில் அது குறைவுதான். இருந்தாலும் நான் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் டூனா எடுப்பதில்லை. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டின் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். எண்ணெயில், உப்பு நீரில், வெறும் தண்ணீரில் என்று மூன்று விதம் இருக்கும். மயோனைஸ் கலந்ததும் மிளகாய் கலந்ததும் வேறு. நான் எடுப்பது தண்ணீரில் இருப்பது. அதிலும் சோடியம் எவ்வளவு என்று இரண்டு டின்னைப் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற பத்தியைத்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஒரு பரிமாறல் என்பது டின்னுக்கு டின் மாறும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும். 2022இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சிங்கப்பூரர்கள் சராசரியாக 3,620 மில்லிகிராம் எடுத்துக்கொள்வதாகத் தெரிந்தது. கப் நூடல்ஸ் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்த என் எட்டு வருடமும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கும்.

இனி சமையல். முதல் இரண்டு வாரம் எனக்குச் சரியாக வரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று டப்பாவுக்கு 200 கிராம் முழுக்கோதுமைச் சுருள் பாஸ்தா. மக்ரோனியை விடச் சுருள் நல்லது, தயிரும் மீனும் அதன் மடிப்புக்குள் போய் உட்காரும். முதல் தடவை, குறைவாக வேக வைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று படித்துவிட்டு, பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே இறக்கினேன். சூடாக இருக்கும்போது பிரமாதம். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் ரப்பர். பாஸ்தா குளிர்ந்தால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகும். அப்படி இறுகியதில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடல் வரை போவதால் நமக்கு அது நல்லதுதான். ஆனால் வாய்க்கும் பிடிக்க வேண்டுமே. இப்போது பாக்கெட்டில் போட்ட நேரம் முழுவதும் வேக வைக்கிறேன். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட விடுவதில்லை. கொதிநீரில் உப்பு அரைத் தேக்கரண்டிதான்.

வடிதட்டில் கொட்டி உடனே குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை யாரும் அலச மாட்டார்கள். குளிர வைத்துச் சாப்பிடுவதற்கு இது அவசியம், இல்லையென்றால் மேலே படிந்த மாவுப்பசை ஃபிரிட்ஜில் எல்லாவற்றையும் ஒரே கட்டியாக ஒட்டிவிடும். அலசியதை அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைக்கிறேன். ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறை மத்தியானம் அடுப்பு எரியாமலே வியர்க்கும். விசிறி இல்லாமல் அங்கே எதுவும் ஆறாது.

டூனாவில்தான் என் அக்கறை முழுவதும். 150 கிராம் டின் இரண்டு. மூடியை முழுசாக எடுத்துவிடாமல், அதையே மீன் மேல் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தித் தண்ணீரை இறுத்துவிடு. முதலில் கலங்கலாக ஓடும், பிறகு சொட்டும், பிறகு நிற்கும். நின்ற பிறகும் இன்னொரு தடவை அழுத்து. இந்த ஒரு நிமிடத்தைச் சேமித்தால் நாளைக்கு டப்பாவின் அடியில் சாம்பல் நிறத் தண்ணீர் நிற்கும், வாடையும் அடிக்கும். இறுத்த மீனை முள்கரண்டியால் உதிர்க்க வேண்டும், ஆனால் தூளாக்கக் கூடாது. கட்டை விரல் நகம் அளவுக்குத் துண்டு இருந்தால்தான் மீன் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இரண்டு டின்னிலும் சேர்த்து மீன் சுமார் 200 கிராம் தேறும்.

மயோனைஸுக்குப் பதில் தயிர். கெட்டித் தயிர் 300 கிராமை மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் வெண்ணெய் பதத்துக்கு வரும். இதைத் தவறவிட்ட முதல் வாரம் நான் சாப்பிட்டது பாஸ்தா மோர். கட்டித் தயிரில் மிளகை ஒன்றிரண்டாக நுணுக்கிப் போட்டு, பச்சைத் தோல் கலமான்சி (சின்ன எலுமிச்சை ரகம்) நான்கைப் பிழிந்து, கடுகு விழுது அரைத் தேக்கரண்டி. பெரிய எலுமிச்சையை விட கலமான்சிக்கு ஒரு ஆரஞ்சு வாசனை உண்டு, டின் மீனின் வாடையை அது நன்றாக அடக்கும்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் இது பேத்தி பிறந்தநாள் சாலட்டின் தம்பிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பக்கத்தில் வந்து நின்று ருசி பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்தாள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை இரண்டு கொத்து, கீறிய பச்சை மிளகாய் ஒன்று. கறிவேப்பிலை பொரிந்து அடங்கியதும் அடுப்பை அணைத்து, ஆற விட்டுத்தான் கொட்டினாள். சூடாகக் கொட்டினால் தயிர் திரியும். அந்தக் கறிவேப்பிலை மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்த பிறகும் வாசனையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அன்றிலிருந்துதான் இது எங்கள் வீட்டுச் சாப்பாடு.

காய் நிறைய வேண்டும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தில் பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு மீன், பருப்பு, இறைச்சி. என் டப்பாவிலும் பாதி காய்தான். வெள்ளரிக்காயை விதை சுரண்டிவிட்டு நறுக்குவேன். கேரட் துருவல், குடைமிளகாய், ஒரு கைப்பிடி வேக வைத்த சோளம். பச்சை வெங்காயத்தை நறுக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுப் பிழிந்து எடுத்தால் காரம் போய்விடும். அதிகாலையில் குடியிருப்பாளர்களிடம் பேச வேண்டிய வேலை, வாய் நாறக் கூடாது. தக்காளியை முதலிலேயே கலந்தால் தண்ணீர் விடும், அதனால் சின்னத் தக்காளியை முழுசாக மேலே வைத்துவிடுவேன். டப்பாவுக்கு ஒரு அவித்த முட்டை.

மகன் தேசிய சேவை எனும் கட்டாயப் படைப் பணியில் இருக்கிறான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தவன் டப்பாவைத் திறந்து பார்த்து, "அப்பா, இதுல புரோட்டீன் எவ்வளவு?" என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மீனில் சுமார் 16 கிராம், பாஸ்தாவில் 8, முட்டையில் 6. தயிரை விட்டுவிட்டாலும் 30 வந்தது. மூன்று டப்பாவில் ஒன்று அன்றைக்கே காலி.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு நாள் ஷிப்டு தொடங்கும் நேரத்திலேயே வீடு மாறும் லாரி வந்து நின்றது. டப்பாவை மேசை மேல் வைத்தவன் ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டேன். ஒன்றரை மணிக்குத் திறந்து முகர்ந்தேன், நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன். நாலு மணிக்கு வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை வரை உட்கார்ந்திருந்தேன். பாஸ்தாவா மீனா என்று சொல்ல முடியாது, நம் ஊர் வெக்கையில் ஐந்தரை மணி நேரம் வெளியில் இருந்ததே போதும் என்றார் டாக்டர். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த நடுவில் எதையும் விடக் கூடாது. சூரை இன மீன் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருளும் சேரும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அது போகாது. மூக்கை நம்பாதீர்கள். நான் நம்பித்தான் பட்டேன்.

அதனால் இப்போது இரண்டு ஐஸ் பேக்குக்கு நடுவில் டப்பா, கூலர் பையில். போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜ். உங்கள் வேலையிடத்தில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து. வீட்டில் கலந்து வைத்தது மூன்று நாள், நாலாம் நாள் குப்பை. மிஞ்சிய டூனாவைத் திறந்த டின்னிலேயே வைக்காமல் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

தயிர் தொங்கும் நேரம் போக, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் செலவழித்தால் திங்கள், செவ்வாய், புதன் முடிந்தது. மூன்று டப்பாவுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்குகிறது. ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் 5.9. இதனால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், இனிப்புக் காப்பியையும் விட்டேன், காலையில் இரண்டு பஸ் நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். ஆனால் மூன்று மணிக்குக் கண் சொருகுவது நின்றது இந்த டப்பாவால்தான்.

வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம். அன்றைக்கு டூனாவுக்குப் பதில் அவித்த கொண்டைக்கடலை, முட்டை கிடையாது, தாளிப்பு அதேதான், கொஞ்சம் புதினா கூடுதல். மற்ற நாளில் மேலே ஒரு சிட்டிகை மாசித் தூள் தூவிக்கொள்கிறாள் என் மனைவி. உப்பு ஏறும் என்று எனக்குத் தருவதில்லை.