காலிக் குப்பி இல்லை அது
ஆய்வகத்துக்கு வாங்கிய புரதம், அதாவது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஹெர்2 ஏற்பியின் வெளிப்பகுதி, 50 மைக்ரோகிராம், உலர்தூளாக வந்தது. தூக்கிப் பார்த்தால் குப்பி காலி மாதிரிதான் தெரியும். நானும் அப்படியே திறந்து, மூடியில் ஒட்டியிருந்ததைக் கையுறையிலேயே துடைத்துவிட்டேன். முதலில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி அடியில் இறக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சரி, மிச்சத்தை, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினேன். கனமானது மேலே பட்டையாக நிற்கும். அமினோ அமிலங்களின் எடையைக் கூட்டினால் சுமார் 70 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), பட்டையோ அதற்கு நன்றாக மேலே நின்றது. கெட்டுப்போகவில்லை, புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் வேலை, ஈ.கோலை பாக்டீரியா அவற்றை இப்படி ஒட்டாது என்பதால்தான் ஹெக்293 போன்ற மனிதச் செல்களில் வளர்க்கிறார்கள், விலையும் வலிக்கிறது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்து பிடிப்பது இந்த வெளிப்பகுதியின் நான்காம் களத்தை (துண்டை)த்தான். ஏற்பியின் கைனேஸ், அதாவது பாஸ்பேட்டை ஒட்டும் நொதிப்பகுதி, இருப்பது செல்லுக்குள் நீளும் பகுதியில். அதற்கு வேறு குப்பி வாங்க வேண்டும், வழிகாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.