ரோரி குன்றுக் கல்

சிந்துவெளி போட்டோக்கள்ல எல்லாரும் முத்திரைகளைத்தான் பார்ப்பாங்க. எனக்கு அந்தக் குட்டி எடைக்கற்கள்தான் பிடிக்கும். பெரும்பாலும் செர்ட் கல்லுல செஞ்சது. பழுப்பும் சாம்பலுமா பட்டை பட்டையா கோடு ஓடும். ஆறு பக்கமும் வழவழன்னு, விளிம்பு இன்னமும் கச்சிதமா இருக்கும்.

இந்தக் கல்லு நிறைய கிடைச்ச இடம் சிந்து மாகாணத்துல சுக்கூர் பக்கம் இருக்கற ரோரி குன்றுகள். மொத்தமும் சுண்ணாம்புப் பாறை, ஒருகாலத்துல கடலடி. கடற்பஞ்சு மாதிரி உயிர்களோட உடம்புல இருக்கற சிலிக்கா கரைஞ்சு, சுண்ணாம்புச் சேத்துக்குள்ள மறுபடி சேர்ந்து இறுகினா செர்ட். சாக் (chalk)ங்கற மெத்துன்னு இருக்கற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்குள்ள உருவானா அதையே ஃப்ளிண்ட்னு சொல்றாங்க, நம்ம சிக்கிமுக்கிக்கல்.

உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் படிகம். அடுக்கு கிடையாது. அதனால தட்டினா கண்ணாடி மாதிரி வளைவாப் பெயரும், விளிம்பு பிளேடுதான். ஹரப்பாக்காரங்க கையில வெண்கலம் இருந்தும் இந்தக் கல் பிளேடை விடலையே!

1லேர்ந்து 10 வரை போற மோஸ் அளவுகோல்ல இதோட கடினம் கிட்டத்தட்ட 7. சாதாரண இரும்புக் கத்தியால கீற முடியாது, சுலபத்துல தேயாது. எடைக்கல்லுக்கு வேற என்ன வேணும்? 1, 2, 4, 8, 16னு இரட்டிச்சுப் போற வரிசை. அதிகம் கிடைக்கற கல்லு சுமார் 13.7 கிராம். மொகஞ்சதாரோலயும் குஜராத் லோத்தல்லயும் அதே கணக்கு.

அப்புறம் சிக்கிமுக்கிக்கல்லை உரசினா வர்ற அந்தத் தீப்பொறி: அது கல்லுலேர்ந்து வர்றதில்லைங்க. கல்லு உருக்கைச் சீவும்போது தெறிக்கற இரும்புத் துணுக்குதான் காத்துல எரியுது. சிந்துவெளிக்காரங்ககிட்ட உருக்கே இல்லை, அதனால அந்த வித்தை அவங்க காலத்துது இல்லை.