பழைய திங்க்பேடில் கீபோர்டு மாற்றுவது

வீட்டில் இருக்கும் திங்க்பேட் டி420 லேப்டாப்பில் டீ கொட்டியதிலிருந்து சில எழுத்துகள் விழவில்லை. யூஎஸ்பி கீபோர்டை மாட்டினால் எல்லாம் சரியாக வந்தது, ஆக பழுது கீபோர்டில்தான், மதர்போர்டில் (லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகையில்) இல்லை. இதை நீங்களும் முதலில் பார்த்துவிடுங்கள். அப்புறம் மாற்றுக் கீபோர்டு வாங்கும்போது, பழைய கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைச் சரிபாருங்கள். என்டர் கீ அமெரிக்க வகையில் அகலமாகவும் பிரிட்டிஷ் வகையில் உயரமாகவும் இருக்கும்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடிப்பக்கத்தில் கீபோர்டு படம் பொறித்த திருகுகளை எடுத்து, கீபோர்டை ஸ்கிரீன் பக்கமாகத் தள்ளி முன்விளிம்பைத் தூக்கினால் போதும், வந்துவிடும், ஆனால் அடியில் கேபிள் இருப்பதால் வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

2011-இல் வந்த லேப்டாப் இது. இப்போது வரும் பல மெலிந்த லேப்டாப்களில் கீபோர்டை மேல்மூடியோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள், அதை மாற்ற மதர்போர்டு வரை கழற்ற வேண்டும், எனக்கு இது உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். லேப்டாப் வாங்குவதற்கு முன்பே அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை, அதாவது எப்படிக் கழற்றி மாட்டுவது என்று சொல்லும் கையேட்டைத் தேடிப் பாருங்கள். லெனோவோ, டெல் இரண்டும் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன.